'சிவ' என்னுஞ் சொல்வடிவும் பிறமொழிகளும்

சில திங்களுக்கு முன் சைவ அன்பர் ஒருவர், தாம் பல்லாண்டாகத் தொகுத்து வைத்திருந்த குறிப்பேடொன்றை எம்மிடந் தந்து, அதனை நோக்கிக் கருத்துரைக்குமாறு வேண்டினர். 'சிவ' என்றாதல் அதனோடு ஒத்தாதல் ஒலிக்குஞ் சொற்கள் உலகமொழிகளில் எங்கெங்குளவோ அவையெல்லாம் அதன்கண் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சமோவாத் தீவினர் கூத்தினைச் 'சிவ' என்ப. யூதர் இறந்தார்பொருட்டு இருக்கும் ஏழுநாள் துக்கத்தை 'ஷிவா' என்ப. எகிப்து நாட்டுப் பாலைவனத்திடையே 'சீவா' என்னும் ஊருளது. ஐரோப்பாவின் சிலாவியக் குடியினர் சிலர் 'சீவா' என்னும் பெண்டெய்வத்தை வழிபட்டனர். திபெத்தியர் அமைதியைச் 'ஷிவா' என்ப. இவற்றான் சிவவழிபாடு பண்டைநாளில் உலகமுழுதும் பரவியிருந்தமை தெளியப்படும் என்பது அவ்வன்பரது முடிபு. அவரது உழைப்புப் போற்றற்பாலது. முடிபு கொள்ளற்பாலதன்று. ஏன் அன்றென்பதனை அவர்க்கு எழுதிய விடை நீண்டுவிட்டமையின், ஏனையோர்க்கும் பயன்படுமெனக் கருதி ஈண்டு விரித்து எழுதலாயிற்று.

அன்பால் எழுந்த கருத்தாகலின் அதனை வாளா விடுதலே நன்றன்றோ எனின், அற்றன்று. சமயவுண்மையை நிறுவப்புகுவார் பத்துச் சான்று காட்டி அவற்றுள் ஒன்று பொய்யாயின், அதனை அறிந்தார் ஏனை ஒன்பதனையும் ஐயுறுவர். ஏதுவிற்கும் ஏதுப்போலிக்கும் வேறுபாடு கூறுதற்கென்றே சிவஞானசித்தியார் அளவைப் பகுதியிலே இத்துணை இடம் ஒதுக்கிய மரபினரல்லமோ நாம்? அம்மரபின்வழியே நோக்குவாம்.

"இவ்விரு சொல்லும் ஓரினத்தன, ஒலியொத்தலின்" என்பது அன்பரது அனுமானம். ஒலியொப்பு என்னும் இவ்வேது, உறவுள்ளவிடத்தும் உறவில்லாதவிடத்தும் ஒருபடித்தாக வருமாயின், அது அநைகாந்திகம் என்னும் போலியாய் முடியும். அங்ஙனம் வருதலைக் கடவுளைக் குறிக்குஞ் சொற்களினாலேயே காட்டலாம். இலத்தீனில் கடவுள் 'தேயுஸ்', வடமொழியில் 'தேவ'. இவ்விரண்டும் ஒலியொத்து ஓரினத்தனவும் ஆயின. கிரேக்கத்தில் கடவுள் 'தெயோஸ்'. இஃது இலத்தீன் 'தேயுஸ்' என்பதனோடு இன்னும் அணுக்கமாக ஒலிப்பினும் அதற்கு உறவன்று. கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து இலத்தீனில் பகரத்தையொத்த உரசொலியாய் வருதலே முறையன்றித் தகரமாய் வருதல் முறையன்று. 'தேவ' என்பதற்கு உண்மையுறவாகிய கிரேக்கச் சொல் 'சேயுஸ்' என்னும் அவர்தம் வானக்கடவுளின் பெயரேயாம். இனி, எதிர்மறையும் நோக்குக. வடமொழிச் 'சக்ர', கிரேக்கக் 'குக்லோஸ்', ஆங்கில 'வீல்' என்னும் மூன்றும் ஒலியால் ஒவ்வாதன போலத் தோன்றியும் ஒரே மூலத்தின என்பது ஐயமின்றித் துணியப்பட்டது. ஆகவே ஒலியொப்பு உளதாயின் உறவுண்டு என்பதும் இல்லை. இலதாயின் உறவில்லை என்பதும் இல்லை. ஒலிகள் முறைப்படத் திரியும் நெறி, சொல்லின் பழைமை, அது சென்ற வழி, ஆண்டு அது பெற்ற பொருள் என்னும் இவையே உறவினைத் துணிதற்குக் கருவி.

இனி, குறிப்பேட்டிற் கண்ட சொற்களுட் புகுவாம்.

சமோவாக் கூத்துச்சொல் நம்மனோர் உள்ளத்தை எளிதிற் கவரும். ஆடல்வல்லான் திருப்பெயரே கூத்திற்குப் பெயராய் அமைந்ததெனின் யாருள்ளந்தான் உவவாது? ஆயின் சமோவாவிற்கு அயலதாகிய தோங்காத் தீவில் இதற்கு நேரான சொல் 'ஹிவ' என்பது. அது பாடுதலையும் பாட்டையும் உணர்த்தும். சமோவாவின் சகரம் தோங்காவில் ஹகரமாதல் அம்மொழிகட்கு இயல்பு. ஆகவே இரண்டற்கும் முன்னைய மூலச்சொல் பாட்டும் ஆட்டமும் விரவியதொரு நிகழ்ச்சியைக் குறித்ததாகல் வேண்டும். அம்மக்கள் அத்தீவுகளிற் குடியேறி ஏறத்தாழ 2800 ஆண்டுகளாயின. நம் நாட்டு மொழிகளிலோ 'சிவ' என்பது கூத்தன் பெயராய் வந்ததன்றிக் கூத்தின் பெயராய் ஒருகாலும் வழங்கியதில்லை. இங்கு இல்லாத பொருளை அஃது அங்கே எங்ஙனம் கொண்டுசெல்லும்? அன்றியும், கடவுளின் பெயர் சென்றிருப்பின் கடவுளும் உடன் சென்றிருத்தல் வேண்டும். சமோவாவினர் தம் முதற்றெய்வத்தைத் 'தங்கலோவா' என்றே அழைத்தனர்.

இதனோடு ஒட்டிப் பிறிதொரு வியப்புமுண்டு. மடகாசுகர் முதல் பசிபிக் தீவுகள்காறும் பரந்துகிடக்கும் ஆஸ்திரோனேசிய மொழிக்குடும்பத்திலே ஒன்பது என்னும் எண்ணுக்குரிய மூலச்சொல் 'சிவ' என்பதாம். மடகாசுகரில் அது 'சிவி', மாவோரி மொழியில் 'இவ', தோங்காவில் 'ஹிவ', சமோவாவில் 'இவ'. தோங்காவினர்க்கு ஒன்பதும் பாட்டும் ஒரே ஒலியினவாயின. சமோவாவினர்க்கோ ஒன்பது 'இவ', கூத்து 'சிவ' எனப் பிரிந்தே நின்றன. ஒருமொழிக்குள்ளேயே ஒத்தொலிக்கும் இருசொற்கள் வெவ்வேறு வேரினவாதலை இது நன்கு காட்டும். தொல்காப்பியர் பலபொருள் ஒருசொல் என்று வகுத்ததனுள் அடங்குவனவற்றிலும், வரலாற்றால் நோக்குங்கால், பல சொற்கள் ஒருவடிவெய்தியன உளவென்பதனை ஆராய்வார் மறத்தலாகாது.

யூதர்தம் 'ஷிவா' என்பதற்கு ஏழு என்பதே பொருள். இறந்தார்க்கு அணுக்கச் சுற்றத்தார் ஏழுநாள் இல்லில் இருந்து துக்கங் காத்தலின் அவ்வழக்கிற்கு எண்ணே பெயராயிற்று. யோசேப்பு தன் தந்தைக்கு ஏழுநாள் துக்கங்கொண்டாடினான் என்பது அவர்தம் மறைநூலிலும் உள்ளது. எபிரேயத்தில் இச்சொல்லின் நடுவெழுத்து உண்மையிற் பகரம். உயிரினை அடுத்து நிற்றலின் வகரம் போல மெலிந்தொலித்தது. இறுதியில் மிடற்றின் அடியிற் பிறக்கும் மெய்யொன்றும் உண்டு. உறவுமொழியாகிய அரபியில் ஏழு 'சப்அ' எனப் பகரத்தோடே வரும். சொல்லைப் பழைய வடிவிற்குக் கொண்டுசென்ற அளவிலே 'சிவ' என்னும் ஒப்புமை கரைந்துபோதல் காண்க.

அரபியிலேயே 'சிவா' என்பதொரு சொல்லுண்டு. அதற்கு 'அல்லாத, ஒழிய' என்பது பொருள். அது பாரசிகத்தின் வழியாக இந்துஸ்தானியிற் புகுந்து 'சிவா' எனவும் 'சிவாய்' எனவும் வழங்குகிறது. அன்பர் குறிப்பேட்டில் இச்சொல் இல்லை. ஆயினும் நம் ஊரிலேயே வழங்குவது என்பதனால் இதனைச் சேர்த்தேம். கிராமக் கணக்குகளிற் 'சிவாய்ஜமா' என எழுதப்பட்டிருத்தலைப் பலரும் கண்டிருப்பர். திட்டப்படுத்திய தீர்வைக்கு மேற்பட்டு வரும் வருமானம் என்பதும், அனுமதியின்றிப் பயிரிட்ட நிலத்திற்கு வாங்கும் தீர்வை என்பதும் அதன் கருத்து. ஐந்தெழுத்தின் ஒலி அதன்கட் கேட்பினும் அந்நிலத்திற்கும் சிவாலயத்திற்கும் தொடர்பொன்றுமில்லை. அயலூரில் இருப்பது ஐயுறவைத் தோற்றாதபோது, நம் தாலூகாக் கச்சேரியில் இருப்பதேனும் தோற்றுவிக்குமன்றோ?

கிழக்காப்பிரிக்கக் கரையில் லாமு, பாத்தே என்னுந் தீவுகளிலே அரசுரிமைச் சின்னமாய் ஊதப்பெற்ற பெருங்கொம்பினைச் சுவாகிலி மொழியினர் 'சீவா' என்பர். லாமுவினது பித்தளையாலும் பாத்தேயினது யானைத்தந்தத்தாலும் இயன்றவை. கொம்பென்றதும் சிவசின்னம் என்று மகிழ்தற்கு இடமில்லை. அவற்றை ஊதுவித்த அரசர் இசுலாமியர்.

எகிப்துச் சீவாவைப் பற்றியும் மிகுத்துக் கூறவேண்டுவதில்லை. அலெக்சாந்தர் கி. மு. 331-இல் சென்று குறிகேட்ட புகழுடையது அவ்வூர். ஆயின் அங்கே குறிசொன்ன தெய்வம் ஆமோன். இடைக்காலத்து அரபு நூலார் அவ்வூரைச் 'சந்தரியா' என்றே எழுதினர். பிற்காலத்துப் பெயரை முற்காலத்து வழிபாட்டிற்குச் சான்றாக்குதல் யாங்ஙனம்?

சிலாவியப் பெண்டெய்வத்தின் செய்தி அவ்வாறன்று. அது நமக்கு ஒருவாற்றான் இனிது. 12-ஆம் நூற்றாண்டில் எல்மோல்து என்னும் பாதிரியார் இலத்தீனில் எழுதிய சிலாவியர் வரலாற்றிலே, போலாபியர் என்னுங் குடியினரின் தெய்வம் 'சீவா' எனக் குறித்தனர். அவர் எழுத்து இலத்தீன் எழுத்து. சிலாவியத்தின் 'ழ்ஷ' போன்ற உரசொலியை எழுத அதன்கண் வரிவடிவில்லை. ஆதலின் அப்பெயர் 'ஜீவா' என்றாற்போல ஒலித்ததென்று சிலாவிய மொழிநூலார் கொள்வர். சிலாவிய மொழிகளில் அச்சொற்கு உயிருள்ளவள் என்பது பொருள். இலத்தீன் 'வீவுஸ்', லித்துவேனிய 'கீவஸ்', வடமொழி 'ஜீவ' என்பன அதன் உடன்பிறப்புக்கள். ஈண்டு ஒலியொப்பு முற்றும் வீணன்று; உறவு உண்மையாகவே உண்டு. ஆயின் உறவு சீவனோடேயன்றிச் சிவனோடன்று! பதியின் பெயரெனக் கருதிச் சென்றார் பசுவின் பெயரைக் கண்டு மீளுகின்றனர். சித்தாந்திகளாகிய நாம் இவ்விரண்டனையும் ஒன்றாக்குதல் பொருளிலும் ஆகாது, சொல்லிலும் ஆகாது.

குறிப்பேட்டிலுள்ளவற்றுள் எம்மை நெடுநேரம் தடுத்து நிறுத்தியது திபெத்தியச் சொல்லே. ஏனையவற்றில் ஒலி ஒத்துப் பொருள் வேறாயிற்று. இதன்கண் ஒலியும் ஒத்தது, பொருளும் ஏறத்தாழ ஒத்தது. 'ஷிவா' என்பது திபெத்தியத்தில் அமைதி, அமைதியுடையது எனப் பொருள்படும். வடமொழிச் 'சிவ' என்பதோ மங்கலம், நலம், அருள் எனப் பொருள்படும். வடமொழி நூல்கள் பல திபெத்தியத்திற் பெயர்க்கப்பட்டமையும் வரலாறு. இவ்வளவும் இருக்க, உறவில்லையெனக் கூறுதல் யாங்ஙனம் எனின்: திபெத்தியர் வடசொல்லை ஒலியளவில் எடுத்தாளாது தம் மொழிச்சொல்லாற் பெயர்த்தலையே பெரும்பாலும் நெறியாகக் கொண்டனர். 'சாந்த' என்னும் வடசொற்கு நேராக அவர் இட்டது இச் 'ஷிவா'. சாந்திதேவர் என்னும் பௌத்த ஆசிரியரின் பெயரை அவர் 'ஷிவா லா' எனப் பெயர்த்தனர். சொல்லைப் பகுத்து நோக்கின் 'ஷி' என்பதே பகுதி. 'வா' என்பது எத்துணையோ திபெத்தியச் சொற்களின் இறுதியில் நிற்கும் விகுதி. எழுத்தில் அது பகரமாகவே எழுதப்படுவது. வடமொழியிற் பகுதியொடு பிரியாது நிற்கும் வகரத்தோடு இதனை இணைத்தல் பொருந்தாது. இவை எல்லாவற்றினும் வலியதொன்று உண்டு. நம் பெருமானைக் குறிக்க வேண்டுமிடத்துத் திபெத்தியர் இச்சொல்லை ஆளாது 'வாங்சுக்' என்பர். அஃது ஈசுவரன் என்பதன் பெயர்ப்பு. ஒலியும் பொருளும் ஒருங்கே ஒத்தும் உறவின்மை கூடும் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு எமக்குக் கிடைத்திலது. உலகில் மொழிகள் பல்லாயிரம். ஒவ்வொன்றிலும் சொற்கள் பல்லாயிரம். மக்கள் வாயிற் பிறக்கும் ஒலிகளோ சிலவே. இரண்டசைச் சொற்கள் எங்கேனும் முட்டிக்கொள்ளாதிருப்பின் அதுவே வியப்பாம்.

பிறர் மனையை ஆராய்ந்த கண்ணாலே நம் மனையையும் ஆராய்தல் நடுநிலை. 'சிவன்' என்னும் பெயர் 'சிவத்தல்' என்னும் தமிழ்ச்சொல்லடியாய்ப் பிறந்து செந்நிறத்தவன் எனப் பொருள்படும் என்று தமிழறிஞர் பலர் கூறுவர். 'சிவ' என்னும் வடசொல் மங்கலப் பொருட்டாய் வேறு என்பர் ஏனையோர். இவ்வழக்கிற் சினமுஞ் செருக்குங் கலந்தமையால் சான்றுகள் அமைந்து நோக்கப்படாவாயின.

வடமொழி இலக்கணநூலார் இதனைப் படுத்தல் என்னும் பொருளுடைய 'சீ' என்னும் தாதுவினின்று கொள்வர். எல்லாம் எதன்கண் ஒடுங்கிக் கிடக்குமோ அது என்பது அதற்கு உரை. 'வசி' என்னும் தாது எழுத்து நிலைமாறிச் 'சிவ' ஆயிற்றென்னும் பிறிதொரு மரபும் உண்டு. 'இம்சை' என்பதனின்று 'சிம்மம்' வந்ததென்பது அதற்குக் காட்டும் ஒப்பு. பின்னையது பத்திமைக்கு இனிதேனும் மொழிநூலுக்கு ஒவ்வாது. முன்னையதோ இக்கால ஆராய்ச்சியோடும் பெரிதும் இயைகின்றது. படுத்தல், உறைதல் என்னும் பொருளுடைய பழைய மூலத்தினின்று 'சிவ' என்பதும், இலத்தீனில் குடிமகனைக் குறிக்கும் 'கீவிஸ்' என்பதும், பழைய செருமானியக் கிளைமொழிகளில் இல்லத்தாரைக் குறிக்குஞ் சொற்களும் பிறந்தன என மொழிநூலார் பலர் கருதுவர். ஒரு மனைக்கண் உடனுறைவோர் அன்புடையராதலின், உறைதற்பொருள் அன்பு, இனிமை, நலம் எனப் படர்ந்தது. ஒலியளவில் 'கீவிஸ்' என்பதற்கும் 'சிவ' என்பதற்கும் ஒப்புமை சிறிதே. ஆயினும் இலத்தீன் ககரத்திற்கு வடமொழியிற் சகரம் வருதல் நூறு என்பதற்கு 'கெந்தும்', 'சதம்' என வருதல் போலப் பலவிடத்தும் முறையாக உள்ளது. ஒலித்த சொற்களெல்லாம் உதிர, ஒலியாத சொல்லொன்று உறவாய் வந்து நிற்றலை அன்பர் நோக்குவாராக.

இருக்குவேதத்திலே 'சிவ' என்பது பண்புச்சொல்லாய் உருத்திரனுக்கேயன்றி அக்கினி, இந்திரன் முதலியோர்க்கும் வரும். யசுர்வேதத்துத் திருவுருத்திரத்தில் ஐந்தெழுத்தை அடுத்தே 'சிவதர' என ஒப்புமிகுதி காட்டும் விகுதியோடு வருதலும் அது பண்புச்சொல் என்பதற்குக் கரி. யாண்டும் அது செந்நிறத்தை உணர்த்தக் காணோம்.

தமிழ்ச் 'சிவ' என்பதன் வரலாறு யாது? செம்மை, செய்ய, சிவப்பு என்பவற்றிற்கு நேராகக் கன்னடத்தில் 'கெம்பு' எனக் ககரம் நிற்கும். நம் 'செவி' கன்னடத்திற் 'கிவி'. அசோகன் கல்வெட்டில் கி. மு. 3-ஆம் நூற்றாண்டில் 'கேரளபுத்ர' எனப்பட்டோர் தமிழிற் சேரலர். இகர எகரங்களுக்கு முன்னின்ற பழைய ககரமே தமிழிற் சகரமாயிற்று என்பது இவற்றாற் பெறப்படும். ஆகவே நிறம் உணர்த்துஞ் சொல் மூலத்திற் ககரமுதலது. இருக்குவேதமோ அசோகனுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு முற்பட்டது. அக்காலத்தில் இச்சொல் நம்மவரிடமிருந்து அங்குச் சென்றிருப்பின் ககரத்தோடு சென்றிருத்தலே இயல்பு. இவ்வேதுவை மறுக்கும் வலியுடைய சான்று இதுகாறும் எம் பார்வைக்கு வந்திலது.

அற்றேல், சிவபெருமான் தமிழர்க்கு அயற்கடவுள் என்பதாயிற்றோ எனின், ஆயிற்றில்லை. சொல்லின் வரலாறு வேறு, வழிபாட்டின் வரலாறு வேறு. சங்கத் தொகைநூல்களிற் 'சிவன்' என்னும் பெயர் வழங்கவில்லை. ஆயினும் முக்கண்ணும் நீலமிடறும் ஆல்நீழலிருக்கையும் உடைய கடவுள் அவற்றுட் பலவிடத்தும் போற்றப்படுகின்றனர். பெயர் வாராமுன்னரே பெயர்க்குரியோன் இருந்தனன். ஒரு பெயரும் ஒருருவும் இல்லாதானுக்கு ஆயிரம் பெயர் கூறிப் பாடுதும் என்று திருவாசகம் உணர்த்திய பின்னர், அவ்வாயிரத்துள் ஒன்று எம்மொழியிற் பிறந்ததென்பதுபற்றி நாம் அஞ்சுதல் என்னை?

அப்பெயர் தமிழகத்திற் புகுந்தபோது இங்கே தனக்கென ஆயத்தமாயிருந்த ஒரு மனையிற் புகுந்தது என்றல் பொருந்தும். தமிழிற் 'செம்மை' என்பது நிறத்தையும் குறிக்கும், நேர்மையையும் நன்மையையும் குறிக்கும். தொல்காப்பியர் உரியியலிலே சிவப்பு என்பது வெகுளிப்பொருளிலும் வருமென்றனர். நிறத்தாற் செய்யன், பண்பால் நல்லன், தீயோர்மாட்டு வெகுள்வோன் என்னும் மூன்றும் அச்சொல்லடியில் ஒருங்கே கிடந்தன. வடமொழிப் பெயர் வந்து அதனோடு ஒலியால் ஒன்றினமையின், கேட்ட தமிழர்க்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியிருத்தல் வேண்டும். திருநாவுக்கரசர் சிவன் என்னும் நாமத்தையும் செந்நிறத் திருமேனியையும் ஓரிடத்தே சேர்த்துப் பாடியருளினர். அப்பாட்டினைச் சொற்பிறப்புக் கூறுவதாகக் கொள்ளுதல் வேண்டா. தமிழ்ச்செவிக்கு அப்பெயர் எவ்வாறு ஒலித்தது என்பதற்குச் சான்றாகக் கொள்ளுதல் அமையும். மொழிநூலார் இதனை மயக்கம் என்பர். எமக்கு இது பேறெனத் தோன்றுகின்றது.

இனி, பெயர் உண்மையாகவே கடல்கடந்த இடங்களும் உள. சம்பா நாட்டு மீசோனில் பத்திரவருமன் 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் பத்திரேசுவரரை எழுந்தருள்வித்தனன். சாவகத்துப் பிரம்பானன் திருக்கோயிலுக்குரியதாகக் கருதப்படும் கி. பி. 856-ஆம் ஆண்டுக் கல்வெட்டு அதனைச் 'சிவகிருகம்' என்கின்றது. மலாய்மொழியில் உயிருக்கு 'ஜீவா' என்னும் வடசொல்லே இன்றும் பெயர். இவ்விடங்களிற் சொல்லோடு கோயிலும் சென்றது, திருவுருவும் சென்றது, கல்வெட்டும் சென்றது. அன்பரது குறிப்பேட்டில் இவை ஓரிடத்தும் இல்லை. எல்லாரும் அறிந்ததாயிற்றே என்று விட்டேன் என்றனர்.

அவருக்கு யாம் இறுதியாக எழுதியது பாலித்தீவைப் பற்றி. அத்தீவினர் ஆஸ்திரோனேசிய மொழியினர். இன்றும் பெரும்பாலார் சிவவழிபாடுடையர். அவர்தம் முன்னோர்வழி வந்த 'சிவ' என்னும் எண்ணுப்பெயர் வகரந் தேய்ந்து 'சியா' என நிற்கின்றது. அதற்கு ஒன்பது என்பதே பொருள். பெருமான் பெயர் வகரங் கெடாது 'சிவா' என நிற்கின்றது. எட்டுத் திசையும் நடுவும் ஆகிய ஒன்பதிடத்தும் தெய்வங்களை வைத்து, நடுவிடத்திற் சிவனை வைத்து அவர் வழிபடுவர். குழந்தைகள் விரல்விட்டு எண்ணும்போது ஒரு சொல். திருக்கோயிலிற் கைகூப்பும்போது மற்றொரு சொல். இரண்டனையும் அவர் மயங்குவதில்லை.

குறிப்பேட்டை அன்பர் திரும்பப் பெற்றுச் சென்றனர். பின்னர் வந்த மடலில், பாலியினர் ஒன்பது திசைக்கும் வைக்கும் தெய்வங்களின் பெயர்வரிசை எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டிருந்தனர்.